செந்நாய் நடத்திய நியாயமான விசாரணை

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் கீரிகள் கூட்டமாகக் குடியிருந்தன. பாம்பு பிடிப்பதும், குட்டிகளை வளர்ப்பதும், அந்தி சாய்ந்தால் இலுப்பை மரத்தடியில் கூடி உட்காருவதுமாக அவற்றின் காலம் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் வெடுக்கன் என்றொரு கீரி. காடு முழுக்கக் கீரிகளுக்கே சொந்தம், மற்றவர்கள் ஓடிப்போக வேண்டும் என்று பேசித் திரிந்தான். ஒரு நாள் பேச்சோடு நிற்காமல், மயிலின் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளை எல்லாம் உடைத்துவிட்டு ஓடிவிட்டான். மயில் அழுத அழுகையில் காடே கலங்கிப் போனது.

கரடி ராஜா உடனே விசாரணைக்கு உத்தரவு போட்டார். வெடுக்கனை விசாரிக்க அல்ல, கீரிகளை விசாரிக்க. அதிகாரியாகச் செந்நாய் நியமிக்கப்பட்டது. சில நாட்களுக்கு முன்புதான் செந்நாய்கள் ஒரு மான் குடும்பத்தையே தின்று தீர்த்திருந்தன. ஆனால் அது யாரோ ஓரிரு நாய்களுக்கு வந்த மனக்கோளாறு என்று செந்நாயே விசாரித்துச் சொல்லிவிட்டதால், காடு நிம்மதியாக இருந்தது.

மயில் வந்து, "எனக்கு வெடுக்கனைப் பிடித்துக் கொடுத்தால் போதும்" என்றது.

"அவசரப்படாதே அம்மா. நாங்கள் ஆழமாக விசாரிக்கிறோம்" என்றது செந்நாய்.

விசாரணை ஆழமாகத்தான் நடந்தது. அந்தியில் ஏன் கூடுகிறீர்கள் என்று செந்நாய் கேட்டது. பேச என்று சொன்ன கீரியிடம் என்ன ரகசியம் என்றது. சும்மா இருக்க என்று சொன்ன கீரியிடம் எதை மறைக்கிறாய் என்றது. பின்னங்காலில் நின்று சுற்றிப் பார்ப்பது பாம்பு வருகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் என்று ஒரு கிழக்கீரி விளக்கியதும், வேவு பார்ப்பதை ஒப்புக்கொண்டதாக அறிவித்தது. முடிவில், எல்லாக் கீரிகளும் அடையாளத்துக்காகக் கழுத்தில் ஒரு காட்டுக்கொடியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவானது. கொடியைக் கண்டதும் நேற்றுவரை கூட விளையாடிய முயல்கள்கூட ஒதுங்கிப் போயின.

இதில் மனம் குளிர்ந்தவன் வெடுக்கன் ஒருவன்தான். மேட்டுப்பாறை இடுக்கில் பதுங்கியிருந்தவன், இளம் கீரிகளை ரகசியமாக வரவழைத்தான். "நீங்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் கழுத்தில் கொடிதான். பேசாமல் என்னோடு வாருங்கள்" என்றான். நேற்று அவனைத் திட்டியவர்களில் சிலர் இன்று தலையாட்டினார்கள். அடுத்து நாரைக் கூடுகளை உடைப்பதென்று முடிவானது.

இது வெடுக்கனின் அக்கா மருதாணியின் காதுக்கு எட்டியது. தாயில்லாத தம்பியை வாயில் கவ்வித் தூக்கி வளர்த்தவள் அவள். செந்நாயிடம் சொல்லப் புறப்பட்டவளை, போகாதே, உன்னையே பிடிப்பார்கள் என்று அக்கம்பக்கத்தார் தடுத்தார்கள். நாரைக் குஞ்சுகளை நினைத்துக்கொண்டு அவள் போனாள். தம்பி எங்கே இருக்கிறான், என்ன செய்யப் போகிறான் என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள்.

செந்நாய் கண்ணை இடுக்கியது. "இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் என் தம்பி, ஐயா."

"அப்படிச் சொல்லு!" என்று செந்நாய் துள்ளி எழுந்தது. மருதாணியைக் குகையில் தள்ளி வாசலைக் கல்லால் அடைத்தது. பெரிய சதிகாரி பிடிபட்டதாகக் காடெங்கும் சொல்லி, விருந்தும் வைத்தது. விருந்து மும்முரத்தில் மேட்டுப்பாறைப் பக்கம் யாரும் போகவில்லை.

விடிந்தபோது நாரைக் கூடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெடுக்கனையும் காணவில்லை.

கரடி ராஜா குகை முன்னால் நின்று கொதித்தார். "இத்தனை கீரிகள் இருந்தும் ஒன்றாவது முன்கூட்டியே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

கல்லுக்குப் பின்னாலிருந்து மருதாணியின் குரல் வந்தது. "சொன்னேன், ராஜா. அதனால்தான் உள்ளே இருக்கிறேன்."

குற்றம் செய்தவனை விட்டுவிட்டு அவன் கூட்டத்தையே குற்றவாளியாக்கும் விசாரணை, கடைசியில் குற்றவாளிக்குத்தான் காவல் நிற்கும்.