அணிலிடம் கொடுத்துவிட்ட சொல்

மனிதரும் மிருகமும் ஒரே பேச்சைப் பேசி, ஒரே ஓடையில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்த அந்தக் காலத்தில், கூடை என்று ஒன்று கிடையாது. பையும் கிடையாது, பானையும் கிடையாது. யாருக்கும் அவை தேவைப்படவில்லை. படைத்தவன் ஒவ்வொரு உயிரையும் பூமிக்கு அனுப்பும்போது அதன் நாக்குக்கு அடியில் ஒரு சொல்லை, புளியங்கொட்டை அளவுக்கு உருட்டி வைத்து அனுப்பியிருந்தான். ஆமைக்கு ‘மெதுவாக’ என்ற சொல். குரங்குக்கு ‘எனக்கும்’. அணிலுக்கு ‘இன்னொன்று’. மனிதருக்குக் கிடைத்தது ‘போதும்’.

அந்தந்த உயிரை அந்தந்தச் சொல்தான் நடத்தியது. மனிதர்கள் காட்டுக்குள் போவார்கள். இரண்டு கை கொள்ளும் அளவு பழமோ கிழங்கோ எடுத்ததும் நாக்குக்கு அடியில் இருப்பது ‘போதும்’ என்று சொல்லும். அப்படியே திரும்பி நடப்பார்கள். நாளைக்கு என்ன என்று யாரும் கேட்டதில்லை. சடைச்சி மட்டும் கேட்பாள்.

சடைச்சி மலையடிவாரத்தில் இருந்தாள். காரி என்பவனுடைய மனைவி. கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். மேகம் வந்தால் இடி விழுமோ என்பாள், வராவிட்டால் பஞ்சமோ என்பாள். மற்றவர்களுக்கு ஒரு தடவை ‘போதும்’ என்றால் அடங்கும், அவளுக்கு ஒன்பது தடவை சொல்லிச் சொல்லி அவள் வாயில் இருந்த சொல் ஓய்ந்து கிடந்தது. காரி அவளைக் கேலி செய்வான். “எல்லாருக்கும் பசி வயித்துல வரும். உனக்கு மட்டும் தலையில வருதுடி” என்பான்.

ஆனால் அந்த வருஷம் அவள் கவலைப்பட்டதில் தப்பில்லை. இரண்டு வருஷமாக மழை இல்லை. அவளுடைய தங்கை வெள்ளச்சி ஒரு பெண் குழந்தையைப் பெற்று மூன்று நாள் ஆகியிருந்தது. மார்பில் ஒரு சொட்டுப் பால் இல்லை. முதல் நாள் குழந்தை வீறிட்டு அழுதது. இரண்டாம் நாள் முனகியது. மூன்றாம் நாள் விடியும்போது சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அழுகை நின்றதும் அக்கம்பக்கத்தார், அப்பாடா, தூங்கிவிட்டது என்றார்கள். அது தூக்கமில்லை என்று சடைச்சிக்குத் தெரிந்தது.

பால் ஊறுவதற்கு அவர்களிடம் ஒரே வழிதான் இருந்தது. தண்ணீர்விட்டான் கிழங்கைத் தேடிக் கொண்டுவர வேண்டும். பெற்றவளின் உடன்பிறந்தவள் அதைத் தன் வாயில் வைத்து மென்று, அந்தச் சாற்றோடு அப்படியே பெற்றவள் வாயில் ஊட்ட வேண்டும். அது அவர்கள் வழக்கம். கிழங்கு இருந்தால் பொழுது சாய்வதற்குள் பால் வந்துவிடும். இல்லாவிட்டால் குழந்தை மறுநாளைப் பார்க்காது. விடிந்ததும் சடைச்சி கிளம்பினாள்.

முள்ளம்பன்றியைக் கேட்டாள். இந்தச் சரிவில் இருந்ததையெல்லாம் போன மாசமே தோண்டித் தின்றாயிற்று, இப்போது கல்லைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்றது அது. கரடியைக் கேட்டாள். அது தன் நகங்கள் தேய்ந்துபோனதைக் காட்டிவிட்டுப் போய்விட்டது. காக்கைதான் வழி சொன்னது. வறண்ட ஆற்றோரத்தில் ஒரு மருதமரம், அதன் பொந்தில் ஓர் அணில். மலை முழுக்க இல்லாதது அந்தப் பொந்தில் இருக்கும் என்றது.

அணில் மரத்தடியில் உட்கார்ந்து வாயில் ஒரு கொட்டையோடு அழுதுகொண்டிருந்தது. பொந்தில் தலைகூட நுழையாது. அவ்வளவு கொட்டை, காய்ந்த பழம், கிழங்கு, விதை. அதன் குட்டிகள் வெளியே கிளையில் ஒட்டிக்கொண்டு தூங்கின. நேற்று அவற்றில் ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டதாம்.

“இத்தனையையும் வெளியே தள்ளிட்டுக் குட்டிகளை உள்ளே போட்டுக்க வேண்டியதுதானே?” என்று சடைச்சி கேட்டாள்.

“தள்ளத்தான் போறேன் அக்கா. கை பொந்துக்குள்ள போனதும் இந்தப் பாவிச் சொல் இன்னொண்ணு, இன்னொண்ணுங்குது. ஒண்ணைத் தள்ளப் போய் ரெண்டைக் கொண்டுவந்து வைக்கிறேன்.”

சடைச்சி தன் விஷயத்தைச் சொன்னாள். குழந்தை வாயைத் திறந்து மூடுவதைத் தன் வாயாலேயே செய்து காட்டினாள். அணிலுக்கு மனசு இளகியது. பொந்துக்குள் கையை விட்டு ஆறு விரல் போலத் தொங்கிய ஒரு கொத்துக் கிழங்கை எடுத்து நீட்டியது. சடைச்சி வாங்கப் போகும்போது கை தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டியது, மறுபடி இழுத்துக்கொண்டது. நான்காம் தடவை அணில் தன் கையைத் தானே கடித்துக்கொண்டது.

கடைசியில் அணில்தான் அந்த யோசனையைச் சொன்னது. “நம்ம சொல்லை மாத்திக்குவோம். உன்னுது என்கிட்ட வந்தால் என்னால கொடுக்க முடியும். என் குட்டிங்களும் பிழைக்கும்.”

சடைச்சிக்குத் தலை சுற்றியது. சொல்லை மாற்றிக்கொள்ளலாமா? மாற்றினால் திரும்ப வருமா? இது நல்ல சொல்லா, அது கெட்ட சொல்லா? போதும் போதும் என்று இருந்துதானே இன்று வீட்டில் ஒரு கிழங்கு இல்லாமல் போயிற்று? அப்படியானால் அணிலின் சொல்தான் நல்லதா? ஆனால் அது நல்லதென்றால் அணில் ஏன் அழுகிறது? காரியிடம் கேட்டு வரலாமென்றால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமலேயே நாக்குக்கு அடியிலிருந்து ‘போதும்’ என்ற சொல்லை எடுத்து அணிலின் கையில் வைத்தாள். அணில் தன்னுடையதைத் துப்பி அவள் கையில் வைத்தது. அது கொஞ்சம் சூடாக இருந்தது. வாயில் போட்டுக்கொண்டாள்.

அணில் கிழங்குக் கொத்தை அவளிடம் கொடுத்தது. கை பின்வாங்கவில்லை. பிறகு பொந்திலிருந்த எல்லாவற்றையும் கீழே தள்ளியது, குட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தது, கீழே கிடந்த ஓர் இலந்தைப் பழத்தை எடுத்துப் பாதி கடித்தது. மீதியை அப்படியே போட்டுவிட்டு, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனது.

சடைச்சி திரும்பி ஓடினாள். பத்து அடிகூடப் போகவில்லை. வழியில் ஒரு பிசின் உருண்டை மின்னியது. நேற்றும் அது அங்கேதான் இருந்திருக்கும், அவள் பார்த்ததில்லை. ‘இன்னொன்று’ என்றது வாயில் இருந்த சொல். எடுத்துக்கொண்டாள். அடுத்து மயிலிறகு. அது எதற்கென்று தெரியவில்லை, ஆனாலும் எதற்காவது உதவும். அணில் தள்ளிய கொட்டைகள் நினைவுக்கு வந்தன. திரும்பிப் போய் அவற்றையும் அள்ளினாள். இரண்டு கை போதவில்லை. அதனால் காட்டுக்கொடியை அறுத்து, குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, வாய் அகன்ற ஒன்றைச் செய்தாள். உலகத்தில் முதல் கூடை அது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அடி தெரிகிறதே என்று வருத்தம் வந்தது. வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் போட்டு அதை நிரப்பினாள்.

ஒரு கூப்பிடு தூரத்தில் அத்திமரத்தின் கீழே இருபது முப்பது குரங்குகள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. இத்தனை பேர் நின்றால் நல்லதாக எதுவோ இருக்க வேண்டும். சடைச்சி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே புகுந்தாள்.

“என்ன இருக்குது இங்கே?” என்று ஒரு பெண்குரங்கைக் கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்? இவள் நின்னாள், நானும் நின்னேன்” என்றது அது. “நீ ஏன் இடிக்கிறே?”

உச்சியில் ஒரே ஓர் அத்திப்பழம் இருந்தது. கடைசிப் பழம். பாதி சொத்தை. ஊரில் எத்தனையோ அத்தி தின்றிருக்கிறாள், இப்படி ஒரு பழத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். கூடையைக் கீழே இறக்கி, அதில் இடமில்லாமல் கையிலேயே வைத்திருந்த கிழங்குக் கொத்தை மரத்தின் வேரடியில் வைத்தாள். ஏறினாள், குரங்குகளோடு மல்லுக்கட்டிப் பழத்தைப் பறித்தாள். முழங்கை கிழிந்தது. பழத்தைக் கூடையின் மேலே வைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு வீட்டுக்கு நடந்தாள்.

காரியும் மற்றவர்களும் கூடையைச் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள். சடைச்சி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். இது பிசின், இது இறகு, இது கடைசிப் பழம், வேறு யாருக்கும் கிடைக்காதது.

உள்ளேயிருந்து வெள்ளச்சி தலையைத் தூக்கினாள். “கிழங்கு எங்கே அக்கா?” என்றாள்.

சடைச்சி கூடையைக் கவிழ்த்தாள். கொட்டிய குவியலைக் கையால் கிளறினாள். எல்லாம் இருந்தது. எதற்குப் போனாளோ அது மட்டும் இல்லை. அந்தக் குழந்தை வாயைத் திறந்து மூடியது, இப்போது திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவில் நேரம் அதிகமாகியிருந்தது.

அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மான்களே வழிவிட்டன. மரத்தடியில் வைத்ததை யாராவது விட்டுவைப்பார்களா? பஞ்சக் காலம். குரங்குகள் போய்விட்டன, கரடி வந்திருக்கலாம். எல்லாவற்றையும்விட அந்த அணில் பக்கத்திலேயே இருக்கிறது, கண்ணில் பட்டதை வாரிக்கொண்டு போகிற ஜாதி. ஓடிக்கொண்டே அவள் அணிலைத் திட்டினாள், தன்னையும் திட்டினாள், யாரைத் திட்டுவதென்று தெரியாமல் காரியையும் திட்டினாள்.

வேரடியில் கொத்து கிடந்தது. ஆறு கிழங்கில் ஒன்று மட்டும் பாதி கடிபட்டிருந்தது. சின்னப் பல் அடையாளம். ஐந்தரை அப்படியே இருந்தன. அணில் வந்திருக்கிறது, பாதியைத் தின்றிருக்கிறது, அதோடு அதன் வாயில் இருந்தது சொல்லவேண்டியதைச் சொல்லியிருக்கிறது. தன் வாயில் காலைவரை கிடந்த சொல்தான் இந்தக் குழந்தைக்குக் கிழங்கை மிச்சம் வைத்தது என்று சடைச்சிக்கு அப்போது லேசாகப் புரிந்தது. உட்கார்ந்து யோசித்திருந்தால் இன்னும் புரிந்திருக்கும். உட்கார நேரமில்லை.

வழியில் எத்தனையோ மின்னின. வாயில் இருந்த சொல் கத்தியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, காலால் தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தாள். கிழங்கை மென்று, வழக்கப்படி சாற்றோடு தங்கையின் வாயில் ஊட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் வெள்ளச்சியின் மார்பு நனைந்தது. குழந்தையின் வாய் திறந்தது, உடனே மூடவில்லை.

ஆனால் வாயிலிருந்து வாய்க்குப் போனது சாறு மட்டுமில்லை. ‘இன்னொன்று’ எச்சிலில் ஊறி முளைவிடுகிற சொல். அக்காவிடமிருந்து தங்கைக்குப் போயிற்று, பாலோடு குழந்தைக்குப் போயிற்று. குழந்தை ஒரு பக்கம் குடித்து முடித்ததும் மறுபக்கத்துக்குத் திரும்பியது. எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாம் வருஷமும் மழை பொய்த்தது. சடைச்சியின் வீட்டில் கொட்டையும் காய்ந்த பழமும் ஐந்து கூடை இருந்தன. பல் போனவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவள் மென்று ஊட்டினாள், அவர்களுக்கும் சொல் ஒட்டிக்கொண்டது, அவர்களும் கூடை முடைந்தார்கள், பிழைத்தார்கள். எதிர்மலையில் இருந்தவர்கள் ‘போதும்’ வைத்திருந்த நல்ல மனிதர்கள். கூடை எதற்கு என்று கேட்டவர்கள். அந்தக் கோடையை அவர்களில் ஒருவரும் தாண்டவில்லை. இனி பிறக்கப் போகிறவர்கள் எல்லாரும் கூடைக்காரர்களுக்குத்தான் பிறக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

பிறகு மழை வந்தது. ஓடை நிரம்பியது, காடு பழுத்தது. ஆனால் வாயில் இருந்தது நிற்கவில்லை. சடைச்சியின் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பழம் அழுகி வண்டு மொய்த்தது. காரி கூடைகளைத் தாண்டித் தாண்டி நடந்து ஒரு நாள் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டான். “அப்போ தலையில பசின்னு சொன்னேன். இப்போ அது வீடு முழுக்க வந்து உட்கார்ந்திருக்கு” என்றான். தான் செய்தது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. மாற்றாமல் இருந்திருந்தால் குழந்தை இல்லை. மாற்றியதால் குழந்தை இருக்கிறது, தூக்கம்தான் இல்லை.

ஒரு நாள் காலையில் அவள் மருதமரத்துக்குப் போனாள். அணில் ஒரு கொய்யாவைப் பாதி கடித்து வைத்துவிட்டு வாலை விரித்துப் படுத்திருந்தது. குட்டிகள் பெரிதாகியிருந்தன.

“என் சொல்லைத் திருப்பிக் கொடு” என்றாள் சடைச்சி. “உன்னுது வேண்டாம்.”

அணில் அவளை இரக்கத்தோடு பார்த்தது. “எனக்கு இது போதும் அக்கா” என்றது.

வாலைச் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. சடைச்சி நின்று பார்த்தாள். அணில் கடித்துப் போட்ட மீதிக் கொய்யா நன்றாகத்தான் இருந்தது. எடுத்துக்கொண்டாள். பக்கத்து மரத்தில் இன்னும் இரண்டு தெரிந்தன. கூடையோடு வீட்டுக்கு வந்தபோது காரி, எதற்குப் போனாய் என்று கேட்டான். அவள் வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

தோட்டத்துப் பழத்தை அணில் பாதி கடித்துப் போட்டுவிட்டுப் போவதும், கடுகு வாங்கக் கடைக்குப் போகிற நாம் எங்கே கூட்டம் நிற்கிறதோ அங்கே போய் நின்று, கடைசியாக மிச்சமிருப்பதை முண்டியடித்து வாங்கிக்கொண்டு, பை நிறைய வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, நாம் எதற்குப் போனோம் என்று திகைத்து நிற்பதும் அன்றிலிருந்துதான்.