கொடி வளையத்தோடு கேமரா வாங்கப் போன கீரி

குழந்தைகளே, மேற்கு மலையின் அடிவாரத்தில் இருந்த ஒரு காட்டில் நடந்த கதை இது. அங்கே நாச்சி என்று ஒரு கீரி இருந்தது. பாம்புகளை விரட்டுவது அதன் தொழில். யார் கூட்டில் முட்டை இருக்கிறதோ, யார் வீட்டில் குட்டி பிறந்திருக்கிறதோ, அவர்களெல்லாம் நாச்சியைத்தான் காவலுக்குக் கூப்பிடுவார்கள். கூலியாக மஞ்சாடி விதை கொடுப்பார்கள். சிவப்பாகப் பளபளக்கும் அந்த விதைதான் அந்தக் காட்டில் பணம்.

நாச்சிக்கு நெடுநாளாக ஓர் ஆசை. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றைச் சொந்தமாக வாங்க வேண்டும். சந்தையில் வேலப்பன் என்ற நரி கேமராக் கடை வைத்திருந்தது. அந்தக் கடையில் தொங்கிய ஒரு கேமராவில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் இருந்தது. மலை உச்சியில் வெயில் காயும் கழுகைக்கூட அது கைக்கெட்டும் தூரத்தில் காட்டும். நாச்சி சந்தைக்குப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்பும். இரண்டு மழைக்காலம் உழைத்து நாற்பது மஞ்சாடி சேர்த்தாயிற்று. அந்தக் கேமராவின் விலையும் நாற்பதுதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு சங்கடம் வந்தது.

காட்டின் நடுவே இருந்த குகையில் இருளாயி என்ற வௌவால் தன் கூட்டத்தோடு குடியிருந்தது. அந்த மாதம்தான் அவற்றுக்குக் குட்டிகள் பிறந்திருந்தன. குகைக்குக் காவல் நாச்சி. குகை வாசலுக்கு எதிரே பெரியகருப்பு என்ற கரடி படுத்துக் கிடக்கும். அதைப் போல ஒரு சோம்பேறி அந்தக் காட்டிலேயே கிடையாது. குகைக்குள்ளிருந்து சில்லென்று காற்று வந்து முதுகில் படுகிறது, தூக்கம் கெடுகிறது என்பது அதன் குறை. பத்தடி தள்ளிப் படுத்தால் தீர்ந்துபோகும். ஆனால் அதற்கு எழுந்திருக்க வேண்டுமே.

எழுந்திருக்காமல் காரியத்தை முடிக்கக் கரடி ஒரு வழி கண்டுபிடித்தது. குகை வாசலுக்குப் பக்கத்து மேட்டில் பெரிய பாறை ஒன்று நின்றது. யானைக் கூட்டத்தின் தலைவி மதங்கி வெள்ளிக்கிழமை காலையில் அந்த வழியாக வரப் போவதாகச் செய்தி வந்திருந்தது. கரடி ஒரு மைனாவிடம் சொல்லி அனுப்பியது: வரும்போது அந்தப் பாறையைத் தள்ளி வாசலை அடைத்துவிட வேண்டும், குகை காலிதான், வௌவால்கள் போன கோடையிலேயே ஆற்றுக்கு அக்கரை போய்விட்டன.

மைனா வாயிலிருந்து விஷயம் நாச்சியின் காதுக்கும் வந்தது. பதறிப்போய் நாச்சி, வௌவால்கள் குகைக்குள்தான் இருக்கின்றன என்று தன் பங்குக்கு மதங்கிக்கு ஒரு செய்தி அனுப்பியது. மற்ற விலங்குகளைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால், அவை பொழுது சாய்ந்தால் தூங்கிவிடும். வௌவால்கள் வெளியே கிளம்புவதோ அதற்கு அப்புறம். எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தவர் யாரும் இல்லை.

மதங்கி நியாயம் தவறாத யானை. அதன் பதில் மறுநாளே வந்தது. "ஒருவர் உண்டு என்கிறீர்கள், ஒருவர் இல்லை என்கிறீர்கள். என்னால் அந்தக் குகைக்குள் நுழைய முடியாது. மதியத்துக்குள் கிளம்பியும் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை கண்ணால் பார்க்கிற மாதிரி எதையாவது காட்டுங்கள். இல்லாவிட்டால் பாறையைத் தள்ளிவிடுவேன்."

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. நாச்சி குகைக்குள் போய் இருளாயியிடம் எல்லாவற்றையும் சொன்னது. இருளாயி தன் குட்டியை இறக்கைக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டது. பட்டப்பகலில் குட்டியோடு வெளியே வந்தால் பருந்து தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் யாராலும் சாட்சிக்கு வர முடியாது என்றது. போட்டோ எடுத்துக் காட்டுவதாக நாச்சி சொன்னது.

"எடு நாச்சி. ஆனால் பளிச்சென்று வெளிச்சம் அடிக்காதே. வெளிச்சம் பட்டால் தாய்கள் மிரண்டு பறக்கும். குட்டிகள் பிடி நழுவிக் கீழே விழுந்துவிடும்" என்றது இருளாயி.

வெளியே வரும்போது நாச்சி, குகைப் பாதை எங்கே மிகவும் குறுகுகிறது என்று பார்த்தது. அந்த இடத்தின் அளவுக்கு ஒரு காட்டுக்கொடியை வளைத்து முடிச்சுப் போட்டது. வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மஞ்சாடிப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நேராகச் சந்தைக்கு நடந்தது.

கடையில் அழகேசன் என்ற மயில் நின்றிருந்தது. தன்னை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு நினைப்பே இராது. இருப்பதிலேயே பெரிய கேமரா எது என்று கேட்டது. நூறு மஞ்சாடியை எண்ணி வைத்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டது. அது எதற்காக என்று நரியும் கேட்கவில்லை, மயிலும் சொல்லவில்லை.

அடுத்து நரி நாச்சியின் பக்கம் திரும்பியது. வேலப்பனின் பேச்சு பாகு மாதிரி இருக்கும். வா தங்கச்சி, உனக்காகவே எடுத்து வைத்திருக்கிறேன் என்று அந்த நீள லென்ஸ் கேமராவை இறக்கிக் கையில் கொடுத்தது.

இரண்டு வருடம் தூரத்தில் நின்று பார்த்த பொருள் இப்போது கையில் இருந்தது. நாச்சி அதை ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு கழுத்திலிருந்த வளையத்தைக் கழற்றி அதற்குள் கேமராவை நுழைத்தது. லென்ஸ் போனது. உடல் போகவில்லை. திருப்பிப் பார்த்தது, சாய்த்துப் பார்த்தது. மனசு கொஞ்சம் வலித்தது. ஆனாலும் கேமராவைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

நரிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்து புத்தம் புதிய கேமரா ஒன்றை எடுத்து வைத்தது. மெகாபிக்சல் இத்தனை, நொடிக்கு எடுக்கும் படங்கள் இத்தனை என்று எண்களாக அடுக்கியது. அது வளையத்துக்குள் சுலபமாகப் போனது. ஆனால் அதற்கு முன்பக்கம் வெறும் ஓட்டையாக இருந்தது.

"அண்ணே, இதற்கு லென்ஸ் எங்கே?"

"அது தனி விலை. இப்போது நாற்பதுக்கு இதை எடுத்துக்கொள். லென்ஸ் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்."

"லென்ஸ் இல்லாமல் இந்த வாரம் ஒரு படம் எடுக்குமா?"

நரி தொண்டையைச் செருமிக்கொண்டு அதை எடுத்து உள்ளே வைத்தது.

மூன்றாவதாக வந்த கேமரா லென்ஸோடு சேர்ந்து முப்பதுதான். கிட்டேயும் காட்டும், தூரத்திலும் காட்டும், முதல் கேமராவாக எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றது நரி. அது பொய்யும் இல்லை. வளையத்துக்குள்ளும் அது போனது. நாச்சி அதோடு விடவில்லை. பக்கத்துக் கடையில் பெருச்சாளி ஒன்று நெல் கொட்டி வைக்கும் குதிர் ஒன்றைக் காலியாக வைத்திருந்தது. அதனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, கேமராவோடு குதிருக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டது. உள்ளே ஓட்டை வழியாக ஒரே ஒரு கீற்று வெளிச்சம். பிளாஷை அணைத்துவிட்டு அடியில் கிடந்த நெல்மணிகளைப் படம் எடுத்தது. மேலே வந்து பார்த்தால் படம் முழுக்கக் கரி பூசியது போலக் கலங்கிக் கிடந்தது.

அதற்குள் கடை முன்னால் சின்னக் கூட்டமே கூடிவிட்டது. குதிருக்குள் புகுந்து கேமரா வாங்கும் கீரியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நாச்சி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் கண் மேசைக்கு அடியிலிருந்த ஒரு பெட்டிமேல் இருந்தது.

பெட்டியில் ஒரு பழைய கேமரா. முதுகுத் திரையில் கீறல். முன்னால் குட்டையாக ஒரு லென்ஸ். நரிக்கு அதை எடுத்துக் காட்டவே மனசில்லை. யாரோ பயன்படுத்தி விற்றது, மெகாபிக்சல் பாதிதான், அந்த லென்ஸ் நீளாது, சுருங்காது, கிட்டே வேண்டுமென்றால் நீதான் கிட்டே நடக்க வேண்டும் என்று குறைகளாகச் சொன்னது.

நாச்சி லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தது. குட்டை லென்ஸ்தான். ஆனால் அதன் கண் மற்ற லென்ஸ்களைவிட அகலமாகத் திறந்தது. ஆந்தையின் கண் மாதிரி. வளையத்துக்குள் போனது. குதிருக்குள் இறங்கி, முன்பு போலவே பிளாஷ் இல்லாமல் எடுத்துப் பார்த்தது. இந்த முறை நெல்மணியின் மூக்கு நுனிகூடத் தெரிந்தது.

மெமரி கார்டும் இரண்டு பாட்டரியும் சேர்த்து வாங்கியும் பையில் ஐந்து மஞ்சாடி மிஞ்சியது. நரிக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, இதைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லோரும் சிரிப்பார்கள்" என்றது.

"சிரிக்கட்டும் அண்ணே. சிரிக்கிறவர்கள் யாரும் என்னோடு அந்தக் குகைக்குள் வரப் போவதில்லை" என்று சொல்லிவிட்டு நாச்சி நடையைக் கட்டியது.

வியாழக்கிழமை உச்சி வெயில் நேரத்தில், குகைக்குள் கொஞ்சமாவது வெளிச்சம் விழும்போது, நாச்சி உள்ளே கிளம்பியது. கை பழக வேண்டும் என்று வாசலிலேயே எடுக்கத் தொடங்கியது. முதலில் வாசலும் அதன் எதிரே மல்லாந்து தூங்கும் கரடியும். அடுத்து குறுகலான இடுக்கு. பிறகு உள்ளே திரும்பும் பாதை.

குகைக்குள் எடுத்த முதல் நான்கு படங்களும் வீணாயின. கை ஆடிவிட்டது. நாச்சி உட்கார்ந்து யோசித்தது. இத்தனை மங்கலான வெளிச்சத்தில் கேமரா மெதுவாகத்தான் பார்க்கும். அது பார்த்து முடிக்கும் வரை அசையக் கூடாது. அதனால் ஒரு தட்டைக் கல்லின்மேல் கேமராவை மல்லாக்க வைத்து, லென்ஸை வௌவால்களை நோக்கித் திருப்பி, தானாக எடுக்கும் டைமரைப் போட்டுவிட்டு விலகி நின்றது. கேமரா டக்கென்று ஒரு சத்தம் போட்டது. இருளாயி ஒரு காதை மட்டும் அசைத்தது. குட்டிகள் விழிக்கவில்லை.

திரையில் படம் வந்தபோது நாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. இருளாயியின் இறக்கை மடிப்பிலிருந்து ஒரு குட்டியின் முகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி இன்னும் எத்தனையோ குட்டிகள். இத்தனை நாள் காவல் காத்தும், அவற்றின் முகத்தை நாச்சி பார்த்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை யானைக் கூட்டம் வந்தது. காடே குகை வாசலில் கூடியது. கரடியும் சும்மா இருக்கவில்லை. மயிலைப் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொல்லியிருந்தது. மயில் தன் பெரிய கேமராவை மதங்கியிடம் நீட்டியது. அருமையான படம். வாசலில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு வௌவால்கூட இல்லை. கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். மதங்கி பாறையின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தது.

"அம்மா, அந்தப் படம் வாசலைக் காட்டுகிறது. நீங்கள் கேட்டது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று" என்று நாச்சி முன்னால் வந்து, கீறல் விழுந்த திரையைத் தூக்கிக் காட்டியது.

மதங்கி குனிந்து பார்த்தது. மங்கலான வெளிச்சத்தில் எடுத்ததால் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருந்தன. ஆனாலும் தாய்களும் குட்டிகளும் தெளிவாகத் தெரிந்தன. மதங்கி பாறைப் பக்கம் எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

கரடிக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "இது வேறு ஏதோ குகையில் எடுத்தது. அக்கரையில் எத்தனையோ குகை இருக்கிறது" என்றது.

நாச்சி திரையை மறுபடி மதங்கியின் முன்னால் நீட்டியது. கேமராவின் பட்டனை அழுத்திப் படங்களைப் பின்னோக்கி ஒவ்வொன்றாக நகர்த்தியது. கலங்கிய நான்கு படங்கள், உள்ளே திரும்பும் பாதை, குறுகலான இடுக்கு. கடைசியாக வந்தது இதே வாசல். அதன் எதிரே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது பெரியகருப்பு.

முதலில் யானைக்குட்டி ஒன்று சிரித்தது. பிறகு காடே சிரித்தது. கரடி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது.

மதங்கி யாரையும் திட்டவில்லை. பாறையிடம் போனது. அதை வாசலில் தள்ளாமல், மெல்லப் பக்கவாட்டில் உருட்டிக் கொண்டுபோய், கரடி படுக்கும் இடத்துக்கும் குகைக்கும் நடுவே ஓரமாக நிறுத்தியது. இனி காற்று கரடியின் முதுகில் படாது. வௌவால்களின் வழியும் அடைபடாது. பொய் சொன்னதற்காக, குகை வாசலைத் தினமும் கூட்டிச் சுத்தம் செய்யும் வேலையை மதங்கி கரடிக்குக் கொடுத்தது. அதற்கு அதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது.

கிளம்பும் நேரத்தில் மதங்கி தயங்கி நின்றது. "என்னை இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை. இதில் என்னையும் ஒன்று எடுப்பாயா?" என்று கேட்டது.

நாச்சி கேமராவைத் தூக்கிப் பார்த்தது. தெரிந்தது ஒரு கால் நகம் மட்டும்தான். இந்த லென்ஸ் சுருங்காதே. அதனால் பத்தடி பின்னால் போனது. இப்போது ஒரு கால் தெரிந்தது. இன்னும் போனது. புதரைத் தாண்டியது, புற்றைத் தாண்டியது, ஓடையில் இறங்கி அந்தக் கரையில் ஏறியது. அங்கிருந்து பார்த்தபோது, தும்பிக்கை நுனியிலிருந்து வால் முடி வரை முழு மதங்கியும் படச் சட்டத்துக்குள் அழகாக வந்து நின்றது.

"அசையாமல் நில்லுங்கள் அம்மா" என்று அக்கரையிலிருந்து குரல் கொடுத்துவிட்டு, நாச்சி பட்டனை அழுத்தியது.

நீதி: ஒரு பொருளை வாங்கும் முன், அது நமக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டால், கையில் இருக்கும் பணமே போதும்.