கப்பலில் மாப்பிள்ளை பார்த்த கதை

சொகுசுக் கப்பலைப் பார்க்கிறவர்கள் அதை ஒன்று என்று எண்ணுகிறார்கள். இது பிழை. அது இரண்டு கப்பல். மேலே இருப்பது பயணிகளின் கப்பல். அதில் கம்பளம், சரவிளக்கு, நீச்சல்குளம், பியானோ, பியானோ வாசிக்கச் சோகமான ஒரு மனிதர் எல்லாம் உண்டு. கீழே இருப்பது வேலைக்காரர்களின் கப்பல். இரும்புத் தரை, தலையில் இடிக்கும் குழாய்கள், ஆளுயர அண்டாக்கள், முகப்பிலிருந்து வால்வரை ஓடும் ஒரே நீளமான நடைபாதை. மேல்கப்பலில் ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டால் கீழ்க்கப்பலில் நான்கு பேருக்கு வேலை வருகிறது. இதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கதையில் மூன்று பேர் ஏற்கெனவே வந்து நின்று, "இழு" என்று எழுதிய கதவை ஊர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகவேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூவரும் தலையாட்டிக்குறிச்சிக்காரர்கள். அந்த ஊரில் சொன்ன சொல்லை மீறியவர் என்று யாருமே கிடையாது. புரிந்துகொண்டவரும் கிடையாது. மூவரில் மூத்தவர் ஆவுடையப்பன். யோசிப்பது அவர் பொறுப்பு. அடுத்தவன் பூதத்தான், வியப்பது அவன் பொறுப்பு. கடைசி ஆள் கொம்பையா. அவனுக்குப் பொறுப்பு எதுவும் இல்லை, கவலை மட்டும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்புகிற 'நீலத்தாமரை' என்ற அந்தக் கப்பலின் சலவைக்கூடத்தில் மூவரும் வேலைக்குச் சேர்ந்தார்கள். சலவைக்கூடத்துக்குத் தலைவர் தூத்துக்குடிக்காரரான தொம்மை அண்ணாச்சி. இவர்கள் வந்து சேரும்போது அவருக்கு முடி கறுப்பாக இருந்தது என்று சொல்கிறார்கள்.

முதல் நாள் அண்ணாச்சி சொன்னார்: "ஏல, வெள்ளையத் தனியாப் பிரிங்க, கலரத் தனியாப் பிரிங்க. ரெண்டும் ஒண்ணாக் கெடக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

நீச்சல்குளத்துத் துண்டுகள் வெள்ளை, ஓரத்தில் நீலக்கோடு. மாலையில் அண்ணாச்சி வந்து பார்த்தபோது ஒரு பக்கம் வெள்ளைத் துணி மலையும், இன்னொரு பக்கம் நீல நாடா மலையும் இருந்தன. நடுவில் மூவரும் கத்தரிக்கோலோடு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

"பிரிச்சுட்டோம் அண்ணாச்சி. கெட்டியாத்தான் சேந்திருந்துச்சு," என்றான் பூதத்தான்.

அடுத்து ஆபத்துக்காலப் பயிற்சி. "மணி அடிச்சா, கையில இருக்கிறத அப்பிடியே போட்டுட்டு ஓடணும்" என்பது உத்தரவு. மணி அடித்தது. ஆவுடையப்பன் கையில் ஒன்றுமில்லை. மனிதர் பதறவில்லை. பக்கத்துச் சமையற்கூடத்துக்குள் போய், பீங்கான் தட்டுகளை ஓர் அடுக்கு கைநிறைய எடுத்து, போட்டுவிட்டு, ஓடினார்.

கீழ்க்கப்பலிலிருந்து மேல்கப்பலுக்குப் போகும் கதவருகில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். ஊழியர்கள் முகத்தைச் சரிசெய்துகொள்வதற்கு. "இங்க வந்ததும் சிரிச்சிரணும்" என்று பூதத்தானிடம் சொல்லியிருந்தார்கள். அவன் வேலைக்கு நடுவே நேரம் கிடைத்தபோதெல்லாம் அங்கே போய், சிரித்துவிட்டு, திரும்பி வந்தான்.

இப்போது முக்கியமான உத்தரவுக்கு வருகிறோம். அண்ணாச்சி அதை மிகக் கண்டிப்பாகச் சொன்னார்: "பயணிங்க கண்ணுல நீங்க யாரும் படவே கூடாது. பட்டீங்க, அடுத்த துறைமுகத்துல எறக்கி விட்டுருவாங்க. பொறவு நான் பொறுப்பில்ல."

அன்று மாலையே ஒரு பயணியின் சட்டை இஸ்திரிக்கு வந்தது. மூவரும் சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள்.

"அண்ணே, சட்டை பயணியா?" என்று கேட்டான் பூதத்தான்.

ஆவுடையப்பன் யோசித்தார். "சட்டைக்குக் கண்ணு இல்ல. ஆனா பொத்தான் இருக்கு. எதுக்கு வம்பு? திரும்பி நின்னு தேயி."

திரும்பி நின்று தேய்த்தார்கள். அந்தச் சட்டையைப் பற்றி மேல்கப்பலிலிருந்து வந்த புகாரை இங்கே எடுத்தெழுத விரும்பவில்லை. அதில் சில சொற்கள் அகராதியில் இல்லை.

இனி கொம்பையாவின் கவலை. தலையாட்டிக்குறிச்சி அரிசிமில் முதலாளி சொரிமுத்துவின் மகள் பூரணத்தை அவனுக்குப் பேசியிருந்தார்கள். பூரணத்துக்கும் சம்மதம், கொம்பையாவுக்கு இரட்டைச் சம்மதம். ஆனால் சொரிமுத்து முன்பு ஒருமுறை ஏமாந்தவர். 'கப்பலில் இருக்கிறேன்' என்று சொல்லிப் பெண் கேட்டு வந்த ஒருவன், விசாரித்தால், தீப்பெட்டி ஆபீசில் கப்பல் படம் ஒட்டுகிறவனாக இருந்தான். ஆகவே சொரிமுத்து இந்தமுறை தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இவன் கப்பல்ல வேல செய்யிறத என் ரெண்டு கண்ணாலயும் பாக்கணும். பாத்துட்டா தை மாசம் கல்யாணம். பாக்காமக் கரைக்குத் திரும்புனா, பொண்ணு கோவில்பட்டிக்குப் போயிருவா. அங்க கடலமிட்டாய்க் கடைக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

சொன்னதோடு நிற்காமல், மனைவி பிரம்மசக்தியையும் கூட்டிக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய அறையை எடுத்து, அதே கப்பலில் பயணியாக ஏறிவிட்டார்.

பயணியாக. சிக்கல் எங்கே என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கொம்பையாவும் பார்த்துவிட்டான், மூன்று நாள் சாப்பிடவில்லை.

திரும்பி வரும் வழியில், கரை சேர ஒருநாள் இருக்கும்போது, கப்பலின் உட்புறத்தைப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு ஒன்று நடந்தது. சொரிமுத்துதான் முதலில் பெயர் கொடுத்தார். வழிகாட்டிப் பெண் எல்லாரையும் அழைத்துக்கொண்டு, ரொட்டி சுடும் இடம், மீனைப் பனிக்கட்டியில் அடுக்கும் அறை, குப்பையில் கண்ணாடியைத் தனியே பொறுக்கும் இடம் எல்லாம் காட்டிவிட்டு, "இதுதான் எங்கள் சலவைக்கூடம். எந்நேரமும் பரபரப்பாக இருக்கும்," என்று கதவைத் திறந்தாள்.

உள்ளே ஓர் ஈ கூட இல்லை.

பேச்சுக்குரல் கேட்டவுடனே மூவரும் ஒளிந்துவிட்டார்கள். ஆவுடையப்பன் அழுக்குத்துணிப் பைக்குள். பூதத்தான் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள். கொம்பையா மேசைமேல் நீட்டிப் படுத்து, மடித்த விரிப்புகளைத் தன்மேல் அடுக்கிக்கொண்டான்.

"இயந்திரம் எப்படிச் சுற்றுகிறது, பாருங்கள்," என்று வழிகாட்டி பொத்தானை அமுக்கினாள். நல்லவேளை, காற்று மட்டும், சூடு வைக்கவில்லை. பூதத்தான் சத்தம் காட்டாமல் சுற்றினான். பயணிகள் கைதட்டினார்கள்.

சொரிமுத்து நடந்து களைத்து, விரிப்புக் குவியல்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "எம்மா, இங்க கொம்பையான்னு ஒரு பய வேல செய்யிறானாமே, எங்க அவன்?"

அவருக்கு அடியில் கொம்பையா மூச்சை அடக்கிக்கொண்டான்.

"அப்படி யாரும் இல்லையே, சார்," என்றாள் வழிகாட்டி, சுற்றிலும் பார்த்து.

"நெனச்சேன். தீப்பெட்டி ஆபீசேதான்," என்று சொரிமுத்து எழுந்து போனார். போகும்போது, கோவில்பட்டிக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று வழிகாட்டியையே விசாரித்தார்.

கொம்பையா விரிப்புகளுக்குள்ளிருந்து அழுதுகொண்டே வெளியே வந்தான். "அண்ணே, எம் மாமனார் எம்மேலதான் ஒக்காந்திருந்தாரு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருப்பேன்."

"ஒக்காரலாம்டா. பாக்கத்தான் கூடாது," என்றார் ஆவுடையப்பன். "நாமதான் உத்தரவ மீறல."

"அப்பம் எனக்குக் கல்யாணம்?"

ஆவுடையப்பன் பைக்குள் நின்றபடியே யோசித்தார். பூதத்தான் இன்னும் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"உத்தரவு என்ன? பயணி நம்மளப் பாக்கக் கூடாது. மொதலாளி ஒன்னயப் பாக்கணும். ரெண்டும் நடக்கணும்னா ஒரே வழி. மொதலாளி பயணியா இருக்கக் கூடாது."

"கடல்ல தள்ளிருவமாண்ணே?"

"சீ. சலவைக்காரனா மாத்திருவோம்."

அன்று மாலை கேப்டன் விருந்து. மேல்கப்பலின் பெரிய அறைக்காரர்கள் கேப்டனோடு ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். சொரிமுத்து பட்டு ஜிப்பாவும் சரிகை வேட்டியுமாகத் தம் அறைவாசலில் நின்றபோது, துணிபோட்டு மூடிய தள்ளுவண்டி ஒன்று தானாக வந்து நின்றது. தள்ளிய பூதத்தானும் துணிக்குள்தான் இருந்தான். இரண்டு சுவரில் மோதித்தான் வந்து சேர்ந்தான்.

"மொதலாளி," என்றது வண்டி.

"யாருவே அது?"

"அத நீங்க பாக்கக் கூடாது. கொம்பையா கீழ வேல செய்யிறான். ஆனா நீங்க பயணியா இருக்கிறவரைக்கும் அவன் கண்ணுல படமாட்டான். உத்தரவு."

சொரிமுத்துவும் தலையாட்டிக்குறிச்சியில் பிறந்தவர்தான். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "நியாயந்தான்," என்றார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்.

கீழே அவருடைய பட்டைக் கழற்றி, சலவைக்கூடத்து நீலச்சட்டையை மாட்டிவிட்டார்கள். அதன்பிறகே கொம்பையா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, விரிப்பு ஒன்றைத் தேய்த்துக் காட்டினான். சொரிமுத்து கண்கொட்டாமல் பார்த்தார். அந்த நேரத்தில் உள்ளே வந்த தொம்மை அண்ணாச்சி அவரைப் புது ஆள் என்று நினைத்து, "ஏல, என்ன வேடிக்கை? அந்தத் தலையணை உறையப் பிடி," என்று ஓர் அதட்டுப் போட்டுவிட்டுப் போனார். சொரிமுத்து பயந்துபோய் ஒரு கூடை உறைகளைத் தேய்த்து முடித்தார். சொல்லப்போனால், அந்தப் பயணத்தில் ஒழுங்காகத் தேய்க்கப்பட்ட துணி அவைதான்.

"பாத்துட்டீங்களே மொதலாளி? பொண்ணு எனக்குத்தானே?" என்றான் கொம்பையா.

சொரிமுத்துவின் முகம் வாடியது. "பாத்தேன்டே. ஆனா யாரு பாத்தா? சலவைக்காரன்லா பாத்தான். பொண்ணக் குடுக்கவேண்டியது மாமனாரு. ஒரு சலவைக்காரன் சொல்லி, முன்னப் பின்னத் தெரியாத மில் மொதலாளி பொண்ணக் குடுப்பாரா?"

"குடுக்கமாட்டாரு," என்றார் ஆவுடையப்பன், கவலையோடு. "கறாரான ஆளுன்னு கேள்வி."

"இவரு மேல போயி மாமனாரா ஆயிட்டா?" என்றான் பூதத்தான்.

"ஆனா பயணி ஆயிருவாரே. கொம்பையாவப் பாக்க முடியாதே." ஆவுடையப்பன் நெற்றியைத் தேய்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "எலே, இவரு இப்பிடியே இருக்கட்டும். கொம்பையா பயணி ஆயிரட்டும். பயணியப் பயணி பாக்கலாம், சலவைக்காரனும் பாக்கலாம். எவன் பாத்தாலும் குத்தமில்ல. மேல விருந்துக்குப் போனா இவரு மாமனாரும் ஆயிருவாரு. அங்க வச்சுப் பேசி முடிச்சிருவோம்."

கழற்றிப்போட்ட பட்டு ஜிப்பாவையும் சரிகை வேட்டியையும் கொம்பையா உடுத்திக்கொண்டான். சொரிமுத்து நீலச்சட்டையோடு வண்டிக்குள் ஏற, ஆவுடையப்பனும் கூடவே ஏறிக்கொண்டார்.

விருந்து மண்டபத்தில் கேப்டன் நடுவே உட்கார்ந்திருந்தார். கிரேக்கர், தமிழ் தெரியாது, ஆகவே அந்தக் கப்பலிலேயே நிம்மதியாக இருந்த மனிதர் அவர் ஒருவர்தான். கொம்பையா போய், பிரம்மசக்திக்குப் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த அம்மாள் ஜிப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, கடல் காத்து ஒத்துக்கலபோல. பாதியா எளச்சுட்டீங்களே," என்று ஒரு கோழித்துண்டை அவன் தட்டில் வைத்தாள்.

வண்டி மேசையோரம் வந்து நின்றது. சொரிமுத்து துணியை விலக்கி எட்டிப்பார்த்தார். மண்டபம் முழுவதும் பயணிகள். ஒரு சலவைக்காரனுக்கு அதைவிட ஆபத்தான இடம் கிடையாது. குபீரென்று பாய்ந்து, தரைவரை தொங்கிய மேசைவிரிப்புக்குள் புகுந்துவிட்டார்.

"மாப்ளே," என்றது மேசை. "பாத்துட்டேன். பொண்ணு ஒனக்குத்தான்."

"ஆத்தாடி, மேசை பேசுது," என்றாள் பிரம்மசக்தி. கேப்டன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

கொம்பையா எழுந்து நின்று கும்பிட்டான். ஆனால் வண்டிக்குள்ளிருந்து ஆவுடையப்பன் குரல் வந்தது. "இது செல்லாதுவே. சம்மதம்னா மொகத்துக்கு நேரச் சொல்லணும். நாளைக்கு மேசை சொன்னதுன்னு ஊர்ல சொன்னா எவன் நம்புவான்?"

"அப்பம் மாமனார வெளிய வரச் சொல்லுங்கண்ணே."

"வந்தா பயணிங்க பாத்துருவாங்களே. கரைக்கு வாரதுக்குள்ள எறக்கி விட்டுருவாங்க. கடல்ல எங்க எறங்குவாரு?"

கொம்பையாவுக்கு வேறு வழி தெரியவில்லை. ஜிப்பாவைச் சுருட்டிக்கொண்டு அவனும் மேசைக்கு அடியில் போனான். அங்கே முழங்காலிட்டு, முகத்துக்கு நேர் முகமாக, மாமனாரும் மாப்பிள்ளையும் கையடித்துச் சம்மதம் சொல்லிக்கொண்டார்கள். தலை நிமிர்ந்தபோது இரண்டு தலையும் பலகையில் இடித்து, கேப்டனின் சூப் தெறித்தது.

சரியாக அந்த நேரத்தில் கப்பலின் புகைப்படக்காரர் வந்து சேர்ந்தார். விருந்தன்று கேப்டனோடு எல்லாரையும் படம் எடுப்பது வழக்கம்.

"எடுங்க, எடுங்க," என்றது மேசை. "நிச்சயதார்த்தப் படம். ரெண்டு பேரும் நல்லா விழணும்."

படம் எடுக்கப்பட்டது. தை மாதம் கல்யாணமும் நடந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையும் சீரியல் விளக்கும் சுற்றி, கல்யாண மண்டபத்து வாசலில் வைத்திருந்தார்கள். நடுவே சூப் நனைந்த கேப்டன். ஒரு பக்கம் கீழே குனிந்து பார்க்கும் பிரம்மசக்தி. மற்றபடி வெள்ளை மேசைவிரிப்பு, அதில் இரண்டு புடைப்பு.

சொரிமுத்து வந்தவர்களுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டினார். "இந்தப் பக்கம் இருக்கிறது நான். அந்தப் பக்கம் மாப்ளே."

கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ளே நல்ல நெறந்தான்," என்றார். "வெள்ளவெளேர்னு இருக்கான். மொகத்துலதான் கொஞ்சம் சுருக்கம்."

"அதுக்கென்ன, இஸ்திரி அவன் தொழில்லா?" என்றார் சொரிமுத்து. "போட்டுக்கிடுவான்."