வேப்பங்கொத்துச் சட்டம்

உப்பங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தொல்லை கொடுத்தால், சாவடி வாசலில் ஒரு வேப்பங்கொத்தைக் கட்டி, காவல்காரன் காதில் விஷயத்தைப் போட்டுவிட்டுப் போகலாம். கட்டியது யார் என்று ஊர்த்தலைவரே கேட்டாலும் காவல்காரன் வாய் திறக்கக் கூடாது. கொத்து வாடுவதற்குள் தலைவர் ஒரு தடை போட்டாக வேண்டும்.

தலைவர் குழந்தைவேலு, மடத்துச் சாமியின் பழைய சீடர். அன்று சாயங்காலம் மடத்துக்கு வந்தபோது அவர் முகமே சரியில்லை.

“நாளைக்குக் காலையில செம்பாயியை ஊர் எல்லைக்கு வெளியே விடணும் சாமி. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

“அவ என்ன பண்ணினா?”

“சந்தையில நின்னு கத்துறா.”

“சந்தையில கத்தாம யாருப்பா இருக்காங்க?”

“அது வியாபாரம் சாமி. இவ கத்துறது நாலு பேருக்குத் தொந்தரவா இருக்கு. கொத்து கட்டினாங்க, தடை போட்டேன். திரும்பவும் வந்து கத்துறா.”

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“அதுக்கு ஊரை விட்டே துரத்தணுமா?”

“போன வருஷம் போட்ட சட்டம் அது. செஞ்சது சின்னதோ பெருசோ, தடையை மீறினா வெளியே.”

“அதுக்கு முன்னாடி?”

“கூட்டமா நிக்கக் கூடாதுன்னு இருந்தது. சும்மா நின்னாலும், எதுக்கு நிக்கிறாங்களோன்னு ஜனங்க பயந்தாங்க.”

“அதுக்கும் முன்னாடி?”

“ராத்திரியில பாடக் கூடாது, கொட்டடிக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி, குடிச்சிட்டுத் தெருவுல கல்லெறியக் கூடாது. அதுதான் முதல் தடை.”

“முதல் கொத்தைக் கட்டினது யாரு? ஊருக்கே தெரிஞ்சதுதானே, சொல்லு.”

“செம்பாயியோட அப்பா.”

ஆமாம், ஊருக்கே தெரிந்த கதைதான். பெரிய வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் குடித்துவிட்டு, தண்ணீர் எடுக்க வந்த சின்னப் பெண் மேல் கல்லெறிந்து விளையாடினார்கள். விளையாட்டாம்! செம்பாயிக்கு இடது கண் போய்விட்டது. அவள் அப்பா உப்பு மூட்டை சுமக்கிற மனுஷன். பெரிய வீட்டுப் பிள்ளைகள் மேல் புகார் கொடுத்தால் மறுநாள் உயிரோடு இருப்பானா? அவனை மாதிரி ஆட்களுக்காகத்தான் அப்போதைய தலைவர் இந்தக் கொத்து வழக்கத்தையே கொண்டுவந்தார். ஏழை எளியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தண்டனை கிண்டனை ஒன்றும் கிடையாது. இனிமேல் எறியக் கூடாது, அவ்வளவுதான். அவர்களும் எறியவில்லை.

“சரி, சந்தையில என்னன்னு கத்துறா?”

“பேரைச் சொல்லிக் கத்துறா சாமி.”

“யார் பேரை?”

அன்று கல்லெறிந்தவர்கள் பேரைத்தான். அந்த மூன்று பேரும் இன்றைக்குச் சந்தையில் பெரிய கடைக்காரர்கள். ஒருவர் குழந்தைவேலுவின் சம்பந்தி. செம்பாயி மேல் கொத்து கட்டியது யார் என்று காவல்காரன் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன?

“அவங்க இப்ப அப்படியில்ல சாமி. அன்னதானம் பண்றாங்க, கோயிலுக்குச் செய்யறாங்க. பேரன் பேத்தி எடுத்த வயசுல நடுச்சந்தையில மானம் போனா...”

“அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்கறதுக்குச் சட்டத்துல இடமில்லை சாமி. தொந்தரவா இருக்குன்னு ஒருத்தர் சொன்னாப் போதும். சொல்றது உண்மையா பொய்யான்னு பேச்சே கிடையாது.”

சாமி ஒரு பூச்சிக் கீரையை எடுத்துத் தூரப் போட்டார்.

“இப்படிச் செய்யட்டுமா?” என்று குழந்தைவேலு ஆவலாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “கொத்து கட்டுறவங்க இனிமே பேரைச் சொல்லணும்னு மாத்திடறேன்.”

“மாத்தினா, நாளைக்கு இன்னொரு பொண்ணுக்குக் கண்ணு போச்சுன்னா அவ அப்பன் எங்க போவான்?”

குழந்தைவேலுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறார், அந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறார்.

“அப்ப நான் என்னதான் செய்யறது?”

“நாளைக்கு அவளைத் துரத்தாம விட்டுடேன்.”

“விட்டுட்டு? சம்பந்தி சும்மா இருப்பாரா? என் பொண்ணு அவர் வீட்டுல வாழறா சாமி. அவளைக் கண்ணைக் கசக்கிட்டு வரச் சொல்றீங்களா? என் கையில ஒண்ணுமில்லை. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானே?”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சாமி திட்டுவார் என்று காத்திருந்தார். நாலு வார்த்தை திட்டு வாங்கினால் பாரம் கொஞ்சம் குறையும் போலிருந்தது.

சாமி திட்டவில்லை. ஆய்ந்த கீரையைச் சட்டியில் அள்ளிப் போட்டார்.

“சரிப்பா. காவல்காரனை அனுப்பாதே, நீயே கூட்டிட்டுப் போ. எல்லை வரைக்கும் கையைப் பிடிச்சுக்கோ. வழியெல்லாம் கல்லு. இடது பக்கம் அவளுக்குத் தெரியாது.”