நாலாவது கல்

சோளக்காடும் சுனைகளுமாக இருந்த வெள்ளிமலைச் சீமையை ஒரு காலத்தில் மணிமார்பன் என்றொரு ராஜா ஆண்டார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாக யார் காதில் ஓதினார்களோ, அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

அவர் இளவரசராக இருந்தபோது சிற்றப்பன் அரண்மனையைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிட்டான். அன்றைக்குக் கூடவே காட்டுக்கு ஓடிவந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் குதிரைக்காரன் சேந்தன், இன்னொருத்தி சமையல்கட்டு உலகம்மை. ஏழு மாதம் மூவரும் ஒரு பாறைமேல் கல்லைக் கூட்டி, பானையை ஏற்றி, கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். பிறகு நாடு திரும்பக் கிடைத்தது. சேந்தன் மந்திரியானான். அரண்மனைச் சமையல் முழுதும் உலகம்மை கைக்கு வந்தது. ராஜாவுக்குப் பஞ்சணையும் பால்சோறும் வந்தன. ஆனாலும் மழை பெய்தால் போதும், சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பார். "அந்தக் கஞ்சியின் ருசி எதிலும் இல்லையே அக்கா!" என்பார். சேந்தனும் வந்துவிடுவான். மூவரும் பழையதைப் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். என்ன நாட்கள் அவை!

அந்தச் சிரிப்புச் சத்தம் ஆஸ்தான ஜோசியர் குழைக்காதருக்கு வயிற்றெரிச்சல். இருபது வருஷமாக எரிந்த வயிறு.

ஒருமுறை இளவரசிக்குச் சம்பந்தம் பேச மூவரும் பக்கத்து நாட்டுக்குப் போனார்கள். பேச்சு முறிந்துவிட்டது. ஜோசியர் ஓடி வந்தார்.

"மகாராஜா, நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகலாமா? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! மூன்றுதான் உங்களைப் பிடித்த பீடை."

ராஜா வெலவெலத்துப் போனார். இனி நாட்டில் மூன்று என்ற எண்ணே கூடாது என்று முரசறையச் சொல்லிவிட்டார்.

நாடு பட்ட பாட்டைக் கேளுங்கள். மா, பலா, வாழையோடு நாலாவது கனி எது என்று பழக்கடைக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். இயல், இசை, நாடகம் போக நாலாவது தமிழ் எங்கே என்று புலவர்கள் தலையைச் சொறிந்தார்கள். ஏலக்காரன், "ஒரு தரம், ரெண்டு தரம், நாலு தரம்" என்று கூவினான். நெற்றியில் நாலு பட்டை திருநீற்றோடு வந்தவர்களைச் சாமிக்கே அடையாளம் தெரிந்திருக்காது. பெண்கள் மட்டும் மூன்று கல் அடுப்பை மாற்றவில்லை. வீட்டுக்குள் வந்து எவன் எண்ணப்போகிறான்?

குழைக்காதர் அதோடு விடவில்லை. "எண்ணைத் தடுத்து என்ன பயன் மகாராஜா? நீங்களே மூன்று பேராக இருக்கிறீர்களே! ஒருவரை எல்லை தாண்டி அனுப்புங்கள். மறுமாதமே இளவரசி கழுத்தில் மாலை விழும்."

மந்திரி போனால் ராஜ்யம் ஆடும். ஆகவே உலகம்மைதான் போக வேண்டும் என்றாயிற்று. அவள் முகத்தைப் பாராமலே ராஜா ஓலையில் முத்திரை வைத்தார்.

சேந்தன் வாயைத் திறந்தான். உலகம்மை கண்ணாலேயே அடக்கினாள்.

"போறேன் ராசா. எனக்கு வேற ஊருமில்ல, உறவுமில்ல. ஆனாலும் போறேன். அதுக்கு முந்தி அந்தப் பாறையில ஒரு வாய் கஞ்சி காய்ச்சிக் குடுக்கணும். ஜோசியரும் வரட்டும், நாலு பேராச்சு. சட்டப்படி அடுப்பும் நாலு கல்லுல இருக்கட்டும். அவர் கையாலயே கூட்டட்டும்."

மறுநாள் காலை நால்வரும் பாறைக்குப் போனார்கள்.

"கல் கூட்டுவதும் ஒரு வித்தையா?" என்று குழைக்காதர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். நாலு கல் வைத்துப் பானையை ஏற்றினார். பானை ஆடியது. ஒரு கல்லை உள்ளே தள்ளினார். எதிர்க்கல் விலகி நின்றது. அதன் அடியில் ஒரு சில்லைச் செருகினார். பக்கத்துக் கல் ஒட்டவில்லை. ஜோசியருக்கு வேர்த்து ஊற்றியது. கஞ்சி கொதித்து வரும் நேரம் பானை ஒருபக்கம் கவிழ, பாதிக் கஞ்சி பாறையில் ஓடியது. குழைக்காதர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

உலகம்மை பானையை நிமிர்த்தினாள். ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். மற்ற மூன்றையும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். பானை அசையாமல் உட்கார்ந்தது.

"மூணு கல்லு மேல பானை சாயலாம் ராசா, ஆடாது. மேடு பள்ளமா இருந்தாலும் மூணுலயும் உட்கார்ந்துக்கும். நாலு வச்சா ஒண்ணு சும்மா நிக்கும். தாங்கவும் தாங்காது, விலகவும் விலகாது."

ராஜா குழைக்காதரைப் பார்த்தார்.

"அது எந்தக் கல் என்று நான் சொல்லவில்லை" என்றான் சேந்தன்.

"அடுப்பு வேறு, பயணம் வேறு!" என்று ஜோசியர் கத்தினார். "மூன்று பேராகப் போனதால்தானே சம்பந்தம் கெட்டது?"

"யாரு மூணு பேராப் போனா?" உலகம்மை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கூழாங்கல், தேய்ந்து வழவழவென்று இருந்தது. "எங்க பக்கம் மூணு பேராக் கிளம்பினா ஒரு கல்லை நாலாவது ஆளா எடுத்துக்குவோம். அரண்மனையை விட்டு ஓடின அன்னிக்கு எடுத்தது இது. எனக்கும் பயந்தான் ராசா. சம்பந்தம் பேசப் போனப்பவும் இது வந்துச்சு. கணக்குக்கு நாம நாலு பேருதான். பயத்துக்கு இத்தினிக் கல்லு போதும். ஆளை விரட்ட வேண்டாம்."

ராஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இருபது வருஷமாகவா இதைச் சுமந்தாய், அக்கா?" என்று அந்தக் கல்லை வாங்கிக்கொண்டார். மறு கையால் முத்திரை ஓலையை அடுப்புக்குள் செருகினார். அந்தச் சூட்டில் மீதிக் கஞ்சி பொங்கியது. மூவரும் பங்கிட்டுக் குடித்தார்கள். புகை வாசம், ஓர் ஓரத்தில் தீய்ந்த வாசம், அதே ருசி.

"குழைக்காதரே," என்றார் ராஜா வாயைத் துடைத்துக்கொண்டு. "மூன்றுக்கு இருந்த தடை இன்றோடு போயிற்று. ஆனால் பயப்படுகிற ஜனங்கள் இருப்பார்களே. இனிமேல் நாட்டில் எங்கே மூன்று பேர் கிளம்பினாலும் நாலாவது ஆளாக நீர் நடக்க வேண்டும். சந்தைக்கானாலும் சரி, சாவுக்கானாலும் சரி."

மூவரும் பாறையிலிருந்து இறங்கினார்கள். கஞ்சி காய்ந்த வேட்டியோடு ஜோசியரும் பின்னாலேயே ஓடிவந்தார்.

"நீர் எங்கே வருகிறீர்?"

"மூன்று பேராகப் போகிறீர்களே மகாராஜா, நாலாவதாக நான்..."

ராஜா உள்ளங்கையை விரித்து அந்தக் கூழாங்கல்லைக் காட்டினார். "எங்களுக்கு ஆள் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.