வெக்கையை வெளியே நிறுத்திய வீடு

வெள்ளரிப்பட்டியில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு பாய். மூளை மட்டும் மூவருக்கும் பொது. அதுவும் இன்றைக்கு யாரிடம் இருக்கிறதென்று பாதி நாள் தெரியாது. மூத்தவன் மாசிலாமணிக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது.

அவன் பெண்டாட்டி தங்கபாப்பா கத்திரி வெயில் தாங்காமல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து பார்ப்பேன், அப்போதும் வீடு அடுப்பாகக் கிடந்தால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்று சொல்லி அனுப்பினாள். மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், அவள்மேல் உயிரையே வைத்திருந்தான்.

ஆசாரியைக் கூப்பிட்டு ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் மரக்கதவு போட்டார்கள். பொழுது கிளம்பியதும் எல்லாக் கதவையும் சாத்த வேண்டும், பொழுது சாயும்வரை எதையும் திறக்கக் கூடாது. வெக்கை உள்ளே வராது, ஃபேனுக்கு வேலை குறையும், கரண்டும் மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனார் ஆசாரி. மூவரும் உடனே ஃபேனைக் கழற்றி, ஓய்வெடுக்கட்டும் என்று பாயில் படுக்கவைத்துப் போர்வை போர்த்தினார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கதவுகளைச் சாத்தும் நேரத்தில் கடைசித் தம்பி சடையாண்டிக்கு ஒரு சந்தேகம்.

"அண்ணே, நம்ம உடம்பைத் தொட்டுப் பாரு. சூடா இருக்குல்ல? நாம உள்ள இருந்தா அதுவும் வெக்கைதான?"

ஒருவர் நெற்றியை ஒருவர் தொட்டுப் பார்த்தார்கள். அவன் சொன்னது வாஸ்தவம்தான். வெளியே வந்து எல்லாவற்றையும் சாத்திவிட்டு வாசலில் வரிசையாக வெயிலில் நின்றார்கள். வீடு நிஜமாகவே குளுகுளுவென்று இருந்தது. அனுபவிக்கத்தான் உள்ளே ஆளில்லை.

மத்தியான பஸ்ஸில் தங்கபாப்பா வந்து இறங்கினாள். பஸ் திரும்ப அரைமணி நேரம் இருந்தது. கதவைத் திறக்கச் சொன்னாள். பொழுது சாயட்டும் என்றான் மாசிலாமணி, கண் கலங்க. திறந்தால் வீடு சூடாகி அவள் போய்விடுவாள், திறக்காவிட்டாலும் போய்விடுவாள்.

நடுத்தம்பி காத்தமுத்து வெகுநேரம் யோசித்தான்.

"ஆசாரி கதவைத்தான் திறக்கக் கூடாதுன்னாரு. கூரையைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

மாசிலாமணிக்குப் போன உயிர் வந்தது. மூவரும் மேலே ஏறி மடமடவென்று ஓடுகளைப் பிரித்தார்கள். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. ஏணியை உள்ளே விட்டு மாசிலாமணி முதலில் இறங்கினான். வெயில் நடு மண்டையில் கொட்டியது. வேர்க்க விறுவிறுக்க ஒவ்வொரு ஜன்னலையும் தடவிப் பார்த்தான். இடுக்கில் இம்மிகூட வெளிச்சம் வரவில்லை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மேலிருந்து சடையாண்டி எட்டிப் பார்த்தான். "அண்ணே, மதினி பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க. நான் இறங்கி வாசக்கதவைத் திறந்து விடுறேன், ஓடிப்போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துரு."

மாசிலாமணி முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு அழுதான்.

"எப்படிடா திறக்கிறது? வெக்கை உள்ள வந்துரும்ல?"