பதினாலு வீட்டு ரோஜா

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?

எங்கள் பக்கமெல்லாம் ஒரே கூத்துதான். அடுப்பில் குக்கர் கத்தும். பக்கத்தில் பிள்ளை நோட்டை நீட்டிக்கொண்டு கத்தும். "ஒளிச்சேர்க்கைன்னா என்னம்மா?" தெரியாது என்று சொல்ல நமக்கு வாய் வராது. "அப்பா வரட்டும்" என்போம். அப்பா வருவார். "அம்மாவைக் கேளு" என்பார்.

ஞானம் வேண்டும் என்று கேட்டு வந்த சென்னியப்பனுக்கு, மடத்தம்மா இந்த ஆறு மணியைத்தான் தூக்கிக் கொடுத்தார்.

*

மலையடிவாரத்தில் அந்த மடம். ஓட்டுக் கட்டடம். நீளமாக ஒரு கூடம், பின்னால் சமையல்கட்டு.

அதைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பெண். வயது முப்பத்தாறு. ஊருக்கு அவர் மடத்தம்மா. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கொள்ளுச் சுண்டல் கொடுப்பார். பேச்சு கம்மி. ஆனால் அவர் சொன்ன ஒரே வார்த்தையில் குடியை விட்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பதினைந்து வருசத்துப் பங்காளிச் சண்டையை விட்டவர்களும் இருக்கிறார்கள்.

சென்னியப்பனுக்கு அறுபத்தொரு வயது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு பட்டம் வாங்கியிருந்தார். கணக்கு வாத்தியார் லீவு போட்டால் கணக்கு நடத்துவார், தமிழம்மா லீவு போட்டால் தமிழ் நடத்துவார். அவருக்கு வராத பாடம் கிடையாது.

ஒரு பையோடு வந்து நின்றார்.

"உபதேசம் வேணுங்க."

"எல்லாம் படிச்சவர்னு சொன்னாங்க."

"எல்லாம் படிச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

மடத்தம்மா கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பிள்ளைங்க வீட்டுப்பாடத்தை வெச்சுக்கிட்டு முழிக்குதுங்க. சாயங்காலம் அதுங்க கூட உக்காருங்க."

"உபதேசம்?"

"உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி ஒண்ணு அந்த நோட்டுங்கள்ல இருக்கு. அதைக் கண்டுபிடிச்சுக் கொண்டாங்க. அன்னிக்குத் தர்றேன்."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மூணாவது, நாலாவது படிக்கிற பிள்ளைங்க நோட்டுலயா?"

"ஆமாங்க."

"எனக்குத் தெரியாததா?"

"ஆமாங்க."

ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். கொண்டு வந்த பையைப் பிரிக்கக்கூட இல்லை.

*

கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் கீழே சுற்றி உட்கார்ந்தன. யார் பேரும் அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

"அஞ்சாம் வகுப்பு, நீ வா. என்ன?"

"முக்காலையும் மூணில் ரெண்டையும் கூட்டச் சொல்லி..."

"பதினேழு பை பன்னெண்டு. எழுது. அடுத்து, எட்டாம் வகுப்பு."

"வெங்காயம் வெட்டுனா கண்ணுல ஏன் சார்..."

"அதிலிருந்து ஒரு வாயு வருது. கந்தகம் கலந்த வாயு. கண்ணுல பட்டதும் எரியும். எழுது."

"சார், மெதுவாச் சொல்லுங்க. எழுதோணும்."

"வேகமா எழுதிப் பழகு. ஆறாம் வகுப்பு, நீ என்ன?"

கேள்வி முடியும் முன்னே பதில் வந்து விழுந்தது. வரலாறு கேட்டால் வருசத்தோடு வந்தது. ஆங்கிலம் கேட்டால் வாக்கியமாக வந்தது. செய்யுளுக்குப் பொருள் கேட்டால், அருஞ்சொற்பொருளும் சேர்த்தே கிடைத்தது.

பன்னிரண்டு பிள்ளைகள் வந்த இடத்தில் இருபது வந்தன. அப்புறம் நாற்பது. பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்தன. சுண்டல் பத்தவில்லை.

மூன்றாம் வாரம் அவர் பையைப் பிரித்து வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டார்.

*

ஒரு மாதம் ஆனதும் சமையல்கட்டு வாசலில் போய் நின்றார்.

"ஒண்ணும் கிடைக்கலீங்க."

"அப்படிங்களா."

"பன்னெண்டாவது படிக்கிற பசங்களையும் வரச் சொல்லிட்டேன். நேத்து ஒருத்தன் வேதியியல்ல ஒரு கேள்வி கொண்டு வந்தான். அவங்க ஸ்கூல்லயே யாருக்கும் தெரியலையாம்."

"அப்புறம்?"

"நாலு நிமிசம்."

மடத்தம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தேடுங்க."

அடுத்த மாதம் அவர் கொஞ்சம் தந்திரம் செய்து பார்த்தார்.

"கிடைச்சிருச்சுங்க. இந்தப் பிரபஞ்சம் உண்டாகறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு? எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"அது யாரோட வீட்டுப்பாடம்?"

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார்.

"நானே யோசிச்சதுங்க."

"அப்ப அது உங்க வீட்டுப்பாடம். நீங்களே செய்யுங்க. பிள்ளைங்க நோட்டுல இருக்கறதைத்தான் நான் கேட்டேன்."

நான்காம் மாதம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஏழாம் வகுப்பு நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்.

"இந்தாங்க. மின்னல் முதல்ல தெரியுது, இடி அப்புறம் கேக்குது, ஏன்? எனக்குத் தெரியலை. தெரியவே இல்லை. உபதேசம் பண்ணுங்க."

மடத்தம்மா அவரைப் பார்த்தார். பக்கத்தில் சுண்டலுக்குத் தட்டு நீட்டிக்கொண்டிருந்த ஒரு வாண்டையும் பார்த்தார்.

அது சும்மா இருக்குமா?

"சார், நேத்து எங்க அண்ணனுக்கு நீங்கதானே சொன்னீங்க? வெளிச்சம் வேகமா வரும், சத்தம் மெதுவா வரும்னு?"

சென்னியப்பன் நோட்டை மூடினார். காது சிவந்துவிட்டது. மடத்தம்மா வாண்டுக்கு இன்னும் ஒரு கரண்டி போட்டார்.

*

ஏழு மாதம்.

அவருக்கு இப்போது எதைக் கண்டாலும் எரிச்சல். பிள்ளைகளைக் கண்டால் எரிச்சல். நோட்டு அட்டையைப் பார்த்தாலே எரிச்சல். வகுத்தல் கணக்கு கனவிலும் வந்தது.

"இதையெல்லாம் வாத்தியாரா இருந்தப்பவே முப்பத்தஞ்சு வருசம் செஞ்சுட்டேங்க. மறுபடியும் இதையே செய்யறதுக்கா இங்க வந்தேன்?"

"போகோணும்னா போங்க. கதவு தொறந்துதான் இருக்கு."

"உபதேசம் வாங்காமப் போக மாட்டேன்."

"அப்ப உக்காருங்க."

அன்றைக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாலு பேரும் ஒரே கேள்வியோடு வந்தார்கள். 'என் வீடு: ஐந்து வரி எழுதுக.'

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். இதற்கெல்லாம் கண் எதற்கு?

"எழுதுங்க. என் வீடு அழகான வீடு. அதில் வரவேற்பறை, படுக்கையறை, சமையலறை உள்ளன."

முன்வரிசையில் தன்யஸ்ரீ என்று ஒரு பெண். அவள் எழுத்து எழுத்தாக நிறுத்தி எழுதுவாள்.

"சார், மெதுவாச் சொல்லுங்க. எழுதோணும்."

"வேகமா எழுது. வீட்டைச் சுற்றி ரோஜாச் செடிகள் உள்ளன."

"சார், எங்க வீட்டுல ஒரு ரூமுதான்" என்றான் ஒருவன்.

"மார்க் வேணுமா வேண்டாமா? எழுது. ரோஜாச் செடிகளுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வரும். என் வீடு எனக்கு மிகவும் பிடிக்கும். அஞ்சு வரி ஆச்சு. அடுத்து, ஒன்பதாம் வகுப்பு."

*

மறுநாள் பதினாலு பேரும் ஒன்றாக வந்து நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், ரோஜா குடுங்க."

"என்ன ரோஜா?"

"எங்க டீச்சர் கேக்கறாங்க சார். பதினாலு வீட்டுலயும் ரோஜாவா, எனக்குத் தெரியாமப் போச்சே, நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க."

"சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க சார்" என்றான் ஒருவன்.

"என்கிட்ட ஏதுடா ரோஜா?"

"நீங்கதானே சார் இருக்குன்னு சொன்னீங்க?"

"அது... அது சும்மா ஒரு பதில்டா!"

பதினாலு முகமும் அவரையே பார்த்தன.

"ரோஜா இல்லைன்னு சொல்லிருங்க."

"அதுவும் கேட்டோம் சார். இல்லைன்னா, வீட்டைச் சுத்தி நெசமா என்ன இருக்கோ அதை எழுதிட்டு வாங்கன்னு சொன்னாங்க."

"அப்பாடா. எழுதுங்க போங்க."

யாரும் போகவில்லை. எல்லோரும் கீழே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்கள். பென்சிலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"சொல்லுங்க சார்" என்றாள் தன்யஸ்ரீ.

"என்னத்தைச் சொல்றது?"

"எங்க வீட்டைச் சுத்தி என்ன சார் இருக்கு?"

சென்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"உன் வீடு! தினம் நீ படுத்து எந்திரிக்கிற வீடு! உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"பின்னே?"

"பதில் தெரியாது சார்."

அவர் ஏதோ கத்தப் போனார்.

"உன் வீட்டைச் சுத்தி என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்..."

அப்படியே நின்றுவிட்டார்.

பதினாலு பென்சிலும் காத்துக்கொண்டிருந்தன.

*

செருப்புக்கூட மாட்டாமல் சமையல்கட்டுக்கு ஓடினார். மூச்சு வாங்கியது.

"கிடைச்சிருச்சுங்க!"

"என்ன கேள்வி?"

"மூணாம் வகுப்பு. அந்தப் பிள்ளை வீட்டைச் சுத்தி என்ன இருக்குன்னு கேக்குது."

"அது அந்தப் பிள்ளையோட வீட்டுப்பாடமா?"

"ஆமாங்க. நோட்டுலயே இருக்கு."

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாது."

"இடி மின்னல் மாதிரி இல்லையே?"

"இல்லீங்க. நெசமாத் தெரியாது. ஏழு மாசமாத் தினமும் எதிர்ல உக்காந்திருக்கு. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

மடத்தம்மா அடுப்பைத் தணித்தார். கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி நின்றார். ஏழு மாதத்தில் அவர் வேலையை நிறுத்திவிட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

சென்னியப்பன் கை கூப்பினார். கண்ணை மூடினார்.

"பதில் தெரியலைன்னா" என்றார் மடத்தம்மா, "தெரிஞ்சவங்களைப் போய்க் கேளுங்க."

சென்னியப்பன் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். மடத்தம்மா தாளிக்கக் கடுகு எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

"இதுக்கா ஏழு மாசம்?"

"எனக்கு ஏழு மாசச் சுண்டல் செலவு. நான் ஏதாச்சும் சொன்னனா? போங்க, பிள்ளை காத்துக்கிட்டிருக்குது."

எண்ணெயில் கடுகு வெடித்தது. அதற்கு மேல் பேசினால் காதில் விழாது.

*

அவர் கூடத்துக்குத் திரும்பி வந்தார். நாற்காலியைப் பார்த்தார். அதை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன்யஸ்ரீக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"உங்க வீட்டைச் சுத்தி என்ன இருக்கு?"

"அதைத்தான் சார் உங்களைக் கேட்டேன்."

"எனக்குத் தெரியாது."

ஒன்பதாம் வகுப்புக்காரன் பேனாவைக் கீழே வைத்தான். யாரோ இன்னொருவன் காதில், "சாருக்குத் தெரியாதாமா" என்றான்.

தன்யஸ்ரீ அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நெசமாவா சார்?"

"நெசமா."

"ஒண்ணுமே தெரியாதா?"

"ஒண்ணுமே தெரியாது."

அவள் நோட்டைக் கீழே வைத்தாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்தாள். அவளுக்கு அவர்மேல் ரொம்பப் பாவமாக இருந்தது போல.

"எங்க வீட்டுக்கு முன்னாடி ஒரு லாரி நிக்குது சார், அது எங்கப்பா ஓட்டுனது, இப்ப ஓடாது, டயரு நாலும் போயிருச்சு, அதுக்கடியில எங்க கோழி அடைக்கு உக்காந்திருக்குது, அம்மா லாரியை எடைக்குப் போட்டுரலாம்னு சொல்லுது, அப்பா கோழி குஞ்சு பொரிக்கட்டும் அப்புறம் பாக்கலாம்னு சொல்லுது, ஆனா அப்பா ஞாயித்துக்கெழமையானா மேல ஏறி உக்காந்து ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டுச் சும்மா இருக்குது, நானும் பக்கத்து சீட்டுல உக்காந்துக்குவேன், ஈரோடு வந்துருச்சா அம்மணின்னு கேக்கும், நான் இன்னும் இல்லீங்கம்பேன், அப்புறம் அந்தப் பக்கம் பூசணிக் கொடி இருக்குதுங்க சார், அது கண்ணாடி மேல ஏறி..."

சென்னியப்பன் அவள் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பென்சிலையும் வாங்கிக்கொண்டார்.

"அம்மணி, கொஞ்சம் மெதுவாச் சொல்லு. எழுதோணும்."